அக்கா லேப்டாப்புல கை வைக்காம வெளி எஸ்எஸ்டி-ல லினக்ஸ் போட முடியுமா?

கவின்_சிப்புட் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க சுங்கை சிப்புட், டவுன்ல இருந்து உள்ள போற செம்பனைத் தோட்டத்துல இருக்கோம். எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு ஈப்போ பொலிடெக்னிக்ல ஐடி டிப்ளோமா சேந்திருக்கேன், அடுத்த செமஸ்டர்ல லினக்ஸ் பாடம் வரும்னு சீனியர் அண்ணன் சொன்னாரு, அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கை பழகிக்கணும்னு ஆசை. பிரச்சனை என்னன்னா வீட்ல இருக்கறது ஒரே ஒரு லேப்டாப்பு, அதுவும் அக்காவோடது, அவங்க தமிழ்ப்பள்ளி டீச்சர், பாடத்திட்டம், பிள்ளைங்க மார்க்கு, கேள்வித்தாளு எல்லாம் அதுலதான் இருக்கு, அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க வேலையே நின்னு போயிடும். அதனால அந்த உள் டிஸ்க்க நான் தொடவே மாட்டேன்னு அவங்ககிட்ட வாக்கு குடுத்திருக்கேன்.

மாமா ஒருத்தரோட பழைய லேப்டாப்பு ஸ்கிரீன் ஒடஞ்சி போச்சு, அதுல இருந்த 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க்க கழட்டி எனக்கு குடுத்துட்டாரு. யுஎஸ்பி 3 கேஸ் ஒன்னு வாங்கி அதுல மாட்டி வெச்சிருக்கேன். லேப்டாப்பு ஏசர், ஐ3 11வது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், உள்ள 256 ஜிபி என்விஎம்இ டிஸ்க்கு, விண்டோஸ் 11 ஹோம். வாரண்டி இன்னும் இருக்கு. இந்த வெளி டிஸ்க்குல லினக்ஸ் போட்டு, நான் சொருகினா லினக்ஸ், கழட்டினா அக்காவுக்கு பழையபடி விண்டோஸ், இப்படி செய்ய முடியுமா? தோட்டத்துல லைன் வீக்கு, மழை வந்தா சுத்தமா போயிடும், அதனால எத டவுன்லோட் பண்ணனும்னும் சேத்து சொல்லுங்க.

சரவணன்_பெஸ்தாரி எழுதியது:

புரோ எதுக்கு இவ்ளோ கஷ்டம், உள் டிஸ்க்க ஒரு 50 ஜிபி சுருக்கிட்டு டூயல் பூட் (ஒரே டிஸ்க்குல ரெண்டு சிஸ்டம்) போட்டுடுங்க லா, ஸ்பீடும் நல்லா இருக்கும். இல்லன்னா வெர்ச்சுவல்பாக்ஸ் போடுங்க, விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓடும்.

தைப்பிங்_ரிப்பேர்கடை எழுதியது:

சரவணன் தம்பி, சொந்த லேப்டாப்பா இருந்தா நானும் அதத்தான் சொல்வேன். இது அக்காவோட பிழைப்பு, அதுல பார்ட்டிஷன் (டிஸ்க்க பிரிச்சு வெச்ச பாகம்) சுருக்கற வேலையே வேணாம். வெர்ச்சுவல்பாக்ஸ் ஓடும், ஆனா 8 ஜிபி ரேம்ல விண்டோஸ் 11-ம் ஓடி அதுக்குள்ள இன்னொன்னும் ஓடினா ரெண்டுமே இழுக்கும், அதோட வெர்ச்சுவல் டிஸ்க்கு ஃபைலு அக்கா டிஸ்க்குலயே போய் உக்காரும்.

கவின் தம்பி, பாடத்துக்கு முன்னாடியே படிக்கணும்னு நெனைக்கறீங்க பாருங்க, ரொம்ப சந்தோஷம். நீங்க கேக்கறது நல்லாவே முடியும். ஆனா ஒரு எடத்துல மட்டும் கவனம் வேணும், அந்த எடத்த யாரும் சொல்லித் தர்றதில்ல. கடைக்கு இந்த கேஸு அடிக்கடி வரும்: "அண்ணே வெளி டிஸ்க்குலதான் உபுண்டு போட்டேன், டிஸ்க்க கழட்டினதும் விண்டோஸ் வரல, கருப்பு ஸ்கிரீன்ல கிரப்னு எழுதி கர்சர் மின்னிக்கிட்டே நிக்குது"ன்னு. வெளி டிஸ்க்குலதான் போட்டாங்க, அதுல பொய் இல்ல. ஆனா லினக்ஸ ஸ்டார்ட் பண்ற அந்த சின்ன புரோகிராம் இருக்கே, கிரப், அது மட்டும் உள் டிஸ்க்குல போய் உக்காந்திருக்கும். வீட்ட ஒரு எடத்துல கட்டிட்டு சாவிய பக்கத்து வீட்ல குடுத்துட்டு வந்த மாதிரி.

ஏன் அப்படி ஆகுதுன்னா, இப்ப வர்ற மெஷின் எல்லாம் யுஇஎஃப்ஐ-ன்ற புது முறைலதான் ஸ்டார்ட் ஆகுது. டிஸ்க்குல இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு ஒரு சின்ன எடம் இருக்கும், ஃபேட்32, பொதுவா 100-ல இருந்து 260 எம்பிக்குள்ள. மெஷின் ஆன் ஆனதும் அங்கதான் பூட் புரோகிராம தேடும். உபுண்டு, மின்ட்னு லினக்ஸ் வகை ரெண்டுலயும் ரொம்ப காலமா இருந்த இன்ஸ்டாலருக்கு யுபிக்விட்டின்னு பேரு, மின்ட் 22-லயும் அதுதான். அதுல பூட்லோடர் எங்க போடணும்னு கேக்கற எடத்துல நீங்க வெளி டிஸ்க்க காட்டினாலும் அது கண்டுக்காது, மொதல்ல கண்ணுல பட்ட இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல, அதாவது விண்டோஸோடதுல, போட்டுடும். 2014-லயே புகார் எழுதின கோளாறு இது.

அதுக்கு வழி என்னன்னா, இன்ஸ்டால் பண்ற நேரத்துக்கு மட்டும் உள் டிஸ்க்கோட இஎஃப்ஐ பார்ட்டிஷன் இன்ஸ்டாலர் கண்ணுல படாம செஞ்சிடணும். பென்டிரைவ்ல இருந்து லைவ் மோட்ல (இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டறது) மின்ட் திறந்ததும் இன்ஸ்டால்ன்ற ஐகான தொடாதீங்க, மொதல்ல ஜிபார்ட்டெட்ன்ற பார்ட்டிஷன் புரோகிராம திறங்க. வலது பக்கம் மேல டிஸ்க்கு லிஸ்ட் இருக்கும், உங்க உள் டிஸ்க்கு என்விஎம்இன்னு ஆரம்பிக்கும், வெளி டிஸ்க்கும் பென்டிரைவும் எஸ்டிஏ, எஸ்டிபின்னு வரும். உங்களுக்கு இது பெரிய வசதி தம்பி, பேர பாத்தாலே எது அக்காவோடதுன்னு தெரிஞ்சிடும். என்விஎம்இ-ய தேர்ந்தெடுத்து அதுல ஃபேட்32-ன்னு இருக்கற அந்த குட்டி பார்ட்டிஷன் மேல ரைட் கிளிக், மேனேஜ் ஃபிளாக்ஸ், அதுல பூட், இஎஸ்பி ரெண்டு டிக்கு இருக்கும், ரெண்டையும் எடுங்க. எடுத்ததும் எம்எஸ்எஃப்டிடேட்டான்னு ஒன்னு தானா டிக் ஆகும், பயப்படாதீங்க. உள்ள இருக்கற ஃபைலு எதுவும் இதனால அழியாது, பார்ட்டிஷனுக்கு மேல ஒட்டின லேபிள் மட்டும்தான் மாறுது. மொதல்ல என்னென்ன டிக் இருந்துச்சுன்னு போன்ல ஒரு படம் எடுத்து வெச்சிக்குங்க.

அப்புறம் இன்ஸ்டால். எங்க போடணும்னு கேக்கற பக்கத்துல சம்திங் எல்ஸ் எடுங்க. வெளி டிஸ்க்குல புது பார்ட்டிஷன் டேபிள் போட்டு, 512 எம்பிக்கு ஒரு இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், மிச்சம் முழுசும் எக்ஸ்ட்4, மவுன்ட் பாயின்ட் வெறும் சாய்வுக்கோடு (/). சுவாப்புக்கு (ரேம் பத்தலன்னா பயன்படற எடம்) தனியா பார்ட்டிஷன் தேவையில்ல, அதுவே ஃபைலா செஞ்சிக்கும். கீழ பூட்லோடர் எடத்துல வெளி டிஸ்க்கு பேர வைங்க. இன்ஸ்டால் நவ் அமுக்கினதும் ஒரு பெட்டி வரும், இந்தெந்த பார்ட்டிஷன ஃபார்மேட் பண்ணப் போறேன்னு. அதுல என்விஎம்இ-ன்ற பேரு ஒரு வரில இருந்தாக்கூட கேன்சல் பண்ணிட்டு பின்னாடி போங்க.

முடிஞ்சதும் உடனே ரீஸ்டார்ட் அமுக்காதீங்க. கன்டினியூ டெஸ்டிங் குடுத்துட்டு திரும்பவும் ஜிபார்ட்டெட் போய் அந்த பூட், இஎஸ்பி டிக்க படத்துல இருந்த மாதிரியே திருப்பி வைங்க. இத மறந்துட்டா விண்டோஸ் ஸ்டார்ட் ஆகறதுலயும் அப்டேட்லயும் தகராறு வரலாம். அப்புறம்தான் ரீஸ்டார்ட்.

லூனாஸ்_ராஜி எழுதியது:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி செய்ய வேண்டியது ஒன்னு இருக்கு கவின் தம்பி, இத விட்டுட்டு பென்டிரைவ கையில எடுக்காதீங்க. விண்டோஸ் 11 ஹோம்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணியிருந்தா நமக்கு தெரியாமலே, டிஸ்க்க பூட்டி வெக்கற டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும். பயாஸ்ல (மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ் ஸ்கிரீன்) செக்யூர் பூட் (நம்பகமான பூட் புரோகிராம மட்டும் விடற செட்டிங்) மாதிரி எதையாவது மாத்தினா அடுத்த தடவ விண்டோஸ் நீல ஸ்கிரீன் காட்டி 48 இலக்க ரிக்கவரி கீ கேக்கும். அந்த நம்பரு அக்காவோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். அக்காவ பக்கத்துல உக்கார வெச்சி, அவங்க போன்ல லாகின் பண்ணி, அந்த நம்பர ஒரு தாள்ல எழுதி அவங்க பீரோவுல வெச்சிடுங்க. செட்டிங்ஸ்ல பிரைவசி அன்ட் செக்யூரிட்டில டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன்னா ஆஃப்பான்னு காட்டும். கீ இல்லாம மாட்டிக்கிட்டா அந்த ஃபைல யாராலயும் எடுத்துக் குடுக்க முடியாது, கடைக்காரராலயும் முடியாது.

அதோட அக்கா ஃபைல ஒரு காப்பி வெளிய எடுத்து வைக்க சொல்லுங்க. லினக்ஸ் போடறீங்களோ இல்லையோ, ஒரு டீச்சரோட வேலை முழுசும் ஒரே டிஸ்க்குல இருக்கறது எனக்கு மனசே ஒப்பல.

செக்யூர் பூட்ட ஆஃப் பண்ண வேண்டியதே இல்ல. உபுண்டு, மின்ட் ரெண்டுமே அது ஆன்ல இருக்கும்போதே பூட் ஆகும். ஆனா புது ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற டவுன்லோட் ஃபைலு) எடுங்க. 2024 ஆகஸ்ட்ல வந்த விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் சில பழைய லினக்ஸ் பென்டிரைவெல்லாம் ஷிம்னு ஏதோ எரர் காட்டி நின்னு போச்சு, அதனால நண்பர்கிட்ட இருக்கற பழைய பென்டிரைவ வாங்கிப் போடாதீங்க.

இன்னொரு வழியும் இருக்கு. பின் மூடிய கழட்டி, அந்த என்விஎம்இ ஒரே ஒரு ஸ்க்ரூலதான் நிக்கும், அத எடுத்து வெளிய வெச்சிட்டு இன்ஸ்டால் பண்ணலாம். உள் டிஸ்க்கே இல்லன்னா தப்பா எழுத எடமே இல்ல. எரேஸ் டிஸ்க்னு குடுத்தாலும் பயமில்ல, அதுலயே என்க்ரிப்ஷன் டிக்கும் போட்டுக்கலாம். என்னோட மெஷினா இருந்தா நான் இப்படித்தான் செய்வேன்.

தைப்பிங்_ரிப்பேர்கடை எழுதியது:

ராஜி சொல்றது இருக்கறதுலயே சுத்தமான வழி, மறுக்க மாட்டேன். ஆனா வாரண்டி இருக்கற மெஷின், பிளாஸ்டிக் கிளிப்பு ஒன்னு ஒடஞ்சாலும் பேச்சு வரும், வீட்ல சின்ன ஸ்க்ரூடிரைவரும் இருக்குமோ இல்லையோ. இந்த தம்பிக்கு ஃபிளாக் வழியே போதும். வாரண்டி முடிஞ்ச மெஷின்னா கழட்டறதே மேல்.

டவுன்லோட் பத்தி கேட்டீங்க இல்ல, மின்ட் 22 எடுங்க, சுமார் 3 ஜிபிதான் வரும், உபுண்டு 24.04 கிட்டத்தட்ட 6 ஜிபி. ரெண்டுக்கும் அப்டேட்டு 2029 வரைக்கும் இருக்கு. தோட்டத்து லைன்ல இழுக்காதீங்க, டவுனுக்கு வரும்போதோ பொலிடெக்னிக்லயோ எடுங்க, பாதில அறுந்து போன ஃபைலு முழுசு மாதிரியே காட்டும், அதனால எஸ்எச்ஏ256 நம்பர (ஃபைலு முழுசா வந்துச்சான்னு காட்டற நம்பரு) ஒத்துப் பாத்துட்டு ரூஃபஸ்ன்ற புரோகிராம்ல பென்டிரைவ் பண்ணுங்க. பென்டிரைவ் 8 ஜிபி இருந்தா தாராளம். பென்டிரைவ் வேற, எஸ்எஸ்டி வேற, ரெண்டும் வேணும், பல பேரு இங்கயே கொழம்பறாங்க.

ஏசர்ல இன்னொரு விஷயம். எஃப்12 அமுக்கினா பூட் மெனு வரணும், ஆனா நெறைய ஏசர்ல அது ஆஃப்ல இருக்கும். ஆன் ஆகும்போது எஃப்2 அமுக்கி பயாஸ் போய் எஃப்12 பூட் மெனுன்றத எனேபிள் பண்ணுங்க, வேற எதையும் தொடாதீங்க. செக்யூர் பூட் வரி சாம்பல் கலர்ல மாத்த முடியாம இருக்கும், அத மாத்த சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் வெக்கணும்னு வீடியோல எல்லாம் சொல்வாங்க. நமக்கு தேவையில்ல, வெக்காதீங்க. அந்த பாஸ்வேர்ட மறந்துட்டு கடைக்கு வர்றவங்க நெறைய, அத எடுக்கறது லேசான வேலை இல்ல.

விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா மூடாது, பாதி தூக்கத்துலதான் இருக்கும், அந்த நெலமைல லினக்ஸ்ல இருந்து அக்கா பார்ட்டிஷன்ல எழுதினா ஃபைலு கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு. ஆஃப் பண்ணாலும் சரி, லினக்ஸ்ல இருந்துக்கிட்டு அந்த பார்ட்டிஷன திறக்காம இருக்கறதே நல்லது.

கவின்_சிப்புட் எழுதியது:

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வேலை முடிஞ்சிச்சு!! ராஜி அக்கா சொன்னபடி மொதல்ல ரிக்கவரி கீ தேடினோம், டிவைஸ் என்க்ரிப்ஷன் உண்மையிலயே ஆன்லதான் இருந்துச்சு, அப்படி ஒன்னு இருக்குன்றதே அக்காவுக்கு தெரியாது. எழுதி பீரோவுல வெச்சாச்சு. அக்கா ஃபைலும் காப்பி எடுத்தாச்சு.

ஐஎஸ்ஓ பொலிடெக்னிக்ல எடுத்தேன். எஃப்12 ஆஃப்லதான் இருந்துச்சு, அண்ணன் சொன்ன எடத்துலயே ஆன் பண்ணேன். ஜிபார்ட்டெட்ல என்விஎம்இ-ல 100 எம்பி ஃபேட்32, பூட் இஎஸ்பி ரெண்டு டிக்கும் அப்படியே இருந்துச்சு, படம் எடுத்து வெச்சிட்டு டிக்க எடுத்துட்டேன். ஃபார்மேட் பண்ணப் போறேன்னு காட்டின பெட்டில ரெண்டு வரியும் எஸ்டிபின்னுதான் இருந்துச்சு, அக்காவும் பக்கத்துல நின்னு ஒரு தடவ வாசிச்சுப் பாத்தாங்க. முடிச்சிட்டு டிக்க திருப்பி வெச்சி, எஸ்எஸ்டி-ய கழட்டிட்டு ஆன் பண்ணா விண்டோஸ் நேரா வந்துடுச்சு, கீ கூட கேக்கல. சொருகி எஃப்12 அமுக்கினா மின்ட் வருது. வைஃபை மட்டும் மொதல்ல புடிக்கல, போன யுஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் போட்டு அப்டேட் பண்ணதும் வைஃபையும் வந்துடுச்சு.

மூணு சந்தேகம் இருக்கு. மின்ட்ல இருந்து வெளிய வந்து விண்டோஸ் போனா மணி 8 மணி நேரம் பின்னாடி காட்டுது, அக்காவுக்கு அது தொல்லையா இருக்கு. ரெண்டாவது, கோயில் ஆபீஸ்ல ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கு, விண்டோஸ் 10 அப்டேட்டு 2025 அக்டோபர் 14-ஓட நின்னு போச்சு, 11 போட முடியாதுன்னு சும்மா கெடக்கு, அதுல என் எஸ்எஸ்டி-ய சொருகிப் பாத்தேன், மெனுவுலயே காட்ட மாட்டேங்குது. மூணாவது மின்ட்ல தமிழ் எப்படி டைப் பண்றது?

லூனாஸ்_ராஜி எழுதியது:

அக்காவும் சேந்து வாசிச்சாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு தம்பி.

மணி விஷயம் மலேசியா நேரக்கணக்குனால வர்றது. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலகப் பொது நேரத்த வெக்கும், விண்டோஸ் அதே கடிகாரத்த உள்ளூர் நேரம்னு நெனைச்சி வாசிக்கும், நாம 8 மணி நேரம் முன்னாடி இருக்கறதால அந்த 8 அப்படியே தெரியுது. அக்கா பக்கம் எதையும் மாத்த வேணாம், நீங்க மின்ட்ல டெர்மினல் திறந்து டைம்டேட்சிடிஎல் கட்டளைல லோக்கல்-ஆர்டிசி-ய 1-ன்னு வெச்சிடுங்க (timedatectl set-local-rtc 1). ஒரு எச்சரிக்கை காட்டும், உங்க நெலமைக்கு அது பரவால்ல. அப்புறம் விண்டோஸ்ல ஒரு தடவ சிங்க் நவ் அமுக்கினா சரியாயிடும்.

தமிழுக்கு மெனுவுல இன்புட் மெத்தட்னு தேடுங்க, ஐபஸ், எஃப்சிடிஎக்ஸ் ரெண்டுல ஒன்னு போட்டு அதோட எம்17என் பேக்கேஜையும் சேத்துக்குங்க. லாக் அவுட் பண்ணி வந்தா தமிழ்99, ஃபொனெட்டிக் ரெண்டு கீபோர்டு முறையும் லிஸ்ட்ல இருக்கும். அக்கா பள்ளில அஞ்சல் முறைல அடிச்சு பழகினவங்களா இருந்தா ஃபொனெட்டிக்தான் கைக்கு பக்கத்துல வரும், சில எழுத்து மட்டும் வேற கீல இருக்கும். நீங்க புதுசா கத்துக்கறதா இருந்தா தமிழ்99 எடுங்க, கீ அமுக்கற எண்ணிக்கை நல்லாவே கொறையும்.

தைப்பிங்_ரிப்பேர்கடை எழுதியது:

கோயில் டெஸ்க்டாப்புக்கு நான் சொல்றேன். ரொம்ப பழசுன்னா அதுல யுஇஎஃப்ஐ இருக்காது, பழைய பயாஸ் முறைதான், அதுக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷன்னா என்னன்னே தெரியாது. மொதல்ல பயாஸ்ல பூட் மோட் பாருங்க, லெகசின்னு (அதான் பழைய பயாஸ் முறை) இருந்து பக்கத்துல யுஇஎஃப்ஐ-ன்னு மாத்த எடம் இருந்தா அத மாத்தினாலே எஸ்எஸ்டி தெரியும். உள்ள இருக்கற விண்டோஸ் லெகசில போட்டதா இருக்கும், அதனால பாத்து முடிச்சதும் திருப்பி வெச்சிடுங்க. மாத்த எடமே இல்லன்னா உங்க எஸ்எஸ்டி-ல 1 எம்பிக்கு பயாஸ்-கிரப்னு ஃபிளாக் போட்ட ஒரு குட்டி பார்ட்டிஷன் செஞ்சி, பழைய பயாஸுக்கான கிரப்பையும் கூடவே போடணும், அப்ப ஒரே டிஸ்க்கு ரெண்டு வகை மெஷின்லயும் ஏறும். அதுக்கு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன கொஞ்சம் சுருக்கணும், சுருக்கறதுக்கு பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணிக்குங்க, ஓடிக்கிட்டு இருக்கற பார்ட்டிஷன சுருக்க முடியாது.

ஆனா கோயிலுக்குன்னா அப்படி சுத்த வேணாம், கமிட்டிகிட்ட கேட்டுட்டு அந்த மெஷின்லயே நேரா மின்ட் போட்டுடுங்க. ரேம் 4 ஜிபி இருந்தா எக்ஸ்எஃப்சிஇன்ற லேசான எடிஷன் எடுங்க, நல்லா ஓடும். உள்ள வரவு செலவு கணக்கு ஃபைலு இருக்கும், அத மொதல்ல வெளிய எடுங்க.

எஸ்எஸ்டி கேபிள் நீளமா இருந்தா மாத்தி குட்டையா வாங்குங்க, ஓடும்போது கேபிள் ஆடி கனெக்‌ஷன் விட்டா சிஸ்டம் அப்படியே உறைஞ்சிடும். கழட்டறதுக்கு முன்னாடி முழுசா ஷட்டவுன், சஸ்பெண்ட்ல வெச்சி இழுக்காதீங்க. சாயங்காலம் இடி மழை புடிக்கறப்ப சார்ஜர பிளக்குல இருந்து எடுத்துட்டு பேட்டரில ஓட்டுங்க, இங்க மழைக்காலம் வந்தா சார்ஜரும் போர்டும் அடி வாங்கின மெஷின்தான் கடை முழுக்க. கோயில் மெஷின்ல பயாஸ் ஸ்கிரீன் என்ன காட்டுதுன்னு படம் எடுத்துப் போடுங்க தம்பி, பாத்துட்டு மிச்சத்த சொல்றேன்.